போக மறுக்கும் தண்ணீர்

கூனிமேட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே மரக்காணம் போகிறவர்களுக்கு, உப்பங்கழி நெருங்க நெருங்க அழுகிய முட்டை வாடை மூக்கில் ஏறும். சட்டென்று கார் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். ஏற்றுவதற்கு முன் ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள் என்பேன். தண்ணீர் எவ்வளவு விசித்திரமான பொருள் என்பதற்கு அந்த நாற்றத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அந்த வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுடையது. காற்றுப் புகாத கறுப்புச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள், கடல்நீரில் இருக்கும் சல்ஃபேட்டைக் கொண்டு மக்கிய இலைதழைகளைச் செரிக்கும்போது அதை வெளியே விடுகின்றன. வேதியியல் முறைப்படி அது தண்ணீருக்குப் பங்காளி. தண்ணீரில் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும். ஹைட்ரஜன் சல்ஃபைடில் அந்த ஆக்சிஜனின் இடத்தில் கந்தகம், அவ்வளவுதான் வித்தியாசம். தனிம அட்டவணையில் ஆக்சிஜனுக்கு நேர் கீழ் வீட்டில் இருப்பதும் கந்தகமே. தண்ணீர் மூலக்கூறின் எடை 18; இதன் எடை 34. மூலக்கூறு கனக்கக் கனக்கக் கொதிநிலை ஏறுவது பொதுவான வழக்கம். அப்படியானால் லேசான தண்ணீர்தான் முதலில் ஆவியாகிப் பறந்திருக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். கனமான ஹைட்ரஜன் சல்ஃபைடு மைனஸ் 60 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. தண்ணீர் 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. கந்தகத்துக்கும் கீழே உள்ள செலினியம், டெல்லூரியம் ஆகியவற்றின் ஹைட்ரஜன் சேர்மங்களை வரிசையில் வைத்துக் கணக்கிட்டால், தண்ணீர் ஏறத்தாழ மைனஸ் 80 டிகிரி வாக்கில் கொதிக்க வேண்டிய பொருள். அது குடும்ப வழக்கப்படி நடந்திருந்தால் மரக்காணத்துக்குப் பக்கத்திலுள்ள கழுவெளி ஏரி இருக்காது, வங்காள விரிகுடா இருக்காது, இதை எழுதவும் படிக்கவும் ஆளிருக்காது.

குடும்பத்தில் இந்த ஒன்று மட்டும் தறிகெட்டுப் போனதற்குக் காரணம் ஆக்சிஜனின் பேராசை. இரண்டு ஹைட்ரஜன்களோடு பகிர்ந்துகொள்ளும் எலெக்ட்ரான்களை ஆக்சிஜன் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் ஆக்சிஜன் முனையில் கொஞ்சம் எதிர்மின் தன்மை, ஹைட்ரஜன் முனைகளில் கொஞ்சம் நேர்மின் தன்மை. மூலக்கூறு நேர்கோடாக இருந்திருந்தால் இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கும். ஆனால் அது 104.5 டிகிரி கோணத்தில் வளைந்திருக்கிறது. ஆகவே ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஒவ்வொரு பிணைப்பும் நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். ஒன்று அறுந்தால் உடனே இன்னொன்று. கந்தகத்துக்கு இந்த இழுப்பு போதவில்லை. அதனால் அது நாற்றமாகக் காற்றில் அலைகிறது, தண்ணீர் பள்ளத்தில் தேங்கிக் கிடக்கிறது.

மரக்காணத்து உப்பளத் தொழிலாளி வெயிலில் நின்று மல்லுக்கட்டுவது இந்தப் பிடிப்போடுதான். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் பெயர்பெற்ற உப்பளங்கள் இவை. 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கின்றன. கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. மீதி எல்லாம் தண்ணீர். அந்த மீதியை அனுப்பிவைத்தால் உப்பு தானாக வந்து நிற்கும். அனுப்புவதுதான் பாடு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,430 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். மின்வாரியக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதே ஒரு லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைவரை சூடாக்க ஆகும் ஆற்றலைப்போல் இது 8 மடங்கு. சூடேற்றுவது சுலபம், பற்றிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிய்த்தெடுப்பதுதான் செலவு பிடிக்கும் வேலை.

பங்குனி, சித்திரை வெயிலில் நல்ல பாத்தி ஒன்றிலிருந்து நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் தண்ணீர் இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறது. ஓர் ஏக்கருக்கு அது 24 ஆயிரம் லிட்டர். அதை ஆவியாக்கச் சூரியன் செலவழிப்பது 16 ஆயிரம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு இந்த ஒரே நாள் கணக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் வரும். இவ்வளவு ஆற்றலைக் காசு கொடுத்து வாங்கி உப்புக் காய்ச்சினால் அது நகைக்கடையில்தான் விற்கப்படும். நம் சமையலறையில் மிக மலிவான பொருளாக உப்பு இருப்பதன் ரகசியம், வெயிலுக்கு யாரும் பில் போடாததும், அந்த வெயிலில் நிற்கிறவர்களுக்கு மிகக் குறைந்த கூலி கொடுப்பதும்தான்.

வெயில் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். பாத்தியை விட்டுக் கிளம்பிய ஆவி தலைக்கு மேலேயே நின்றுவிட்டால், போன மூலக்கூறுகளில் பல திரும்பி வந்துவிடும். காற்று அவற்றை அள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து வறண்டு வீசும் மேல்காற்று உப்பளத்துக்கு நல்ல நண்பன். கடல்காற்றோ அரைகுறை நண்பன். அள்ளிக்கொண்டு போகவும் செய்யும், தன் பங்குக்கு ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டவும் செய்யும். அந்தக் கடல்காற்றே தண்ணீரின் இன்னொரு குணத்தால் பிறப்பது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். உலர்ந்த மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். எனவே மதியத்துக்குள் கரை கொதித்துவிடுகிறது, கடல் காலையில் இருந்ததுபோலவே இருக்கிறது. கரையின் சூடான காற்று மேலெழ, கடலின் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு ஓடிவருகிறது.

சரி, உப்பு ஏன் இவ்வளவு எளிதாகத் தண்ணீரில் ஒளிந்துகொள்கிறது? சாப்பாட்டு உப்பின் சோடியமும் குளோரினும் மின்விசையால் இறுகக் கட்டுண்டவை. வெப்பத்தால் அந்தக் கட்டை உருக்க 801 டிகிரி வேண்டும். தண்ணீர் அதை அறை வெப்பத்தில், சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. சோடியத்தைச் சுற்றி ஆக்சிஜன் முனைகள் திரும்பி நிற்கின்றன. குளோரினைச் சுற்றி ஹைட்ரஜன் முனைகள். இப்படிக் காவல் சூழ்ந்தபின் இரண்டுக்கும் இடையிலான இழுப்பு, வெற்றிடத்தில் இருந்ததில் எண்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. 100 கிராம் தண்ணீர் 36 கிராம் உப்பை இப்படி விழுங்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்கண்டு செய்கிறவர்கள் கொதிக்கும் பாகில் ஏராளமாகச் சர்க்கரையைக் கரைத்து, ஆறவிடுவார்கள். ஆறியபின் கரைந்து நிற்க முடியாத சர்க்கரை நூலில் கட்டிகட்டியாகப் படியும். உப்பில் அந்த வித்தை பலிக்காது. பூஜ்ய டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 35.7 கிராம் கரையும். கொதிக்கும் தண்ணீரிலும் 39 கிராமுக்கு மேல் ஏறாது. சூடாக்கி ஆறவைத்தால் பெயருக்குக் கொஞ்சம் படியும், அவ்வளவுதான். தண்ணீரை வெளியேற்றுவதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது. ஏக்கர் ஏக்கராகப் பாத்தி கட்டி, முட்டிக்குக் கீழேகூட ஆழமில்லாமல் தண்ணீரை விரித்துப் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதற்கு இதுவே காரணம்.

காத்திருக்கும் வேளையில் தண்ணீர் ஒன்றன்பின் ஒன்றாகத் தன் மூட்டையை அவிழ்க்கிறது. உப்பங்கழியிலிருந்தோ நிலத்தடி உவர்நீர்க் கிணற்றிலிருந்தோ இறைத்த நீரை முதலில் பெரிய பாத்திகளில் நிறுத்துவார்கள். அது பாதியாகக் குறைவதற்குள் சுண்ணாம்புச் சத்து அடியில் படிய ஆரம்பிக்கும். ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம் ஊசிஊசியாக இறங்கும். பத்தில் ஒரு பங்காகச் சுண்டினபிறகே சோடியம் குளோரைடு, அதாவது நமக்கு வேண்டிய உப்பு, வெளியே வரும். கடைசியில் மிஞ்சுவது மெக்னீசியமும் பொட்டாசியமும் புரோமினும் நிறைந்த, நாக்கில் வைத்தால் முகம் சுளிக்கும் கசப்பு நீர். 1849இல் இத்தாலிய வேதியியலாளர் உசிலியோ, மத்தியதரைக் கடல் நீரைப் படிப்படியாக ஆவியாக்கி எடைபோட்டு இந்த வரிசையைப் பதிவுசெய்தார். உப்பளக்காரர்கள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றி அதே வரிசையைத்தான் கடைப்பிடித்துவந்தார்கள். ஜிப்சத்தை ஒரு பாத்தியில் கழித்துவிட்டு, தெளிந்த கெட்டி நீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினால்தான் உப்பு வெள்ளையாக வரும்.

எந்த நேரத்தில் திருப்புவது என்பதற்குக் கண்ணாடி மிதவை ஒன்று போதும். உப்பு ஏற ஏறத் தண்ணீரின் அடர்த்தி கூடும், மிதவை மேலே எழும்பும். கடல்நீர் இதில் 3 டிகிரியை ஒட்டிக் காட்டும். 25 தாண்டினால் உப்பு விளையும். 29, 30 வந்தால் மெக்னீசியம் கலக்கத் தொடங்கிவிடும், கசப்பு நீரை வெளியே விட்டாக வேண்டும். இந்த டிகிரிக்கும் வெப்பத்துக்கும் சம்பந்தமில்லை. 1768இல் அந்த அளவுகோலை வகுத்த பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே, சுத்தத் தண்ணீரைப் பூஜ்யமாகவும் 15 விழுக்காடு உப்புக் கரைசலைப் பதினைந்தாகவும் வைத்துக் கோடு கிழித்தார். ஆக, அந்தக் கருவியின் பிறப்பிலேயே உப்பு இருக்கிறது.

விளையும் பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, மதிய வெயிலில், காற்று அடங்கிய நேரமாகப் பார்த்துக் கவனிக்க வேண்டும். ஆவியாதல் நடப்பது மேற்பரப்பில் என்பதால் உப்பு முதலில் தலைகாட்டுவதும் அங்கேதான். கடுகளவுகூட இல்லாத சதுரச் சில்லு ஒன்று தண்ணீர் மேல் மிதக்கும். உப்பின் அடர்த்தி 2.16, கீழேயுள்ள கெட்டி நீரின் அடர்த்தி 1.2, நியாயப்படி அது மூழ்க வேண்டும். மூழ்கவிடாமல் தாங்குவது மேற்பரப்பில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் பரப்பு இழுவிசை. எடை ஏற ஏறச் சில்லு கொஞ்சம் அமிழ்கிறது. தண்ணீரை ஒட்டிய நாலு விளிம்புகளிலும் புதிய உப்பு சுவர்போல் எழும்புகிறது. இன்னும் அமிழ்கிறது, அதன்மேல் இன்னொரு சுற்றுச் சுவர். கடைசியில் தலைகீழாகக் கவிழ்த்த படிக்கட்டுக் கோபுரம் ஒன்று, உள்ளே குடைவாக, மிதந்துகொண்டிருக்கும். ஒரு சின்னக் காற்றடித்தால் போதும், எல்லாம் அடியில் போய்விடும். அடியில் சேர்ந்தபின் அது குடைவு தூர்ந்து, பருத்து, நமக்குத் தெரிந்த கல்லுப்பாகும். நீண்ட கழியில் கட்டிய பலகையால் அதைத்தான் வரப்போரம் இழுத்துச் சேர்க்கிறார்கள்.

வாரிச் சேர்த்த உப்பை உடனே மூட்டை கட்டமாட்டார்கள். அம்பாரமாகக் குவித்து வடியவிடுவார்கள். இங்கே ஓர் எண் முக்கியம்: 75. உப்பு நிறைவுற்ற நீரின் மேல் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் சமநிலைக்கு வந்துவிடும். காற்றின் ஈரம் அதற்குக் கீழே இருந்தால் பாத்தி காயும். மேலே போனால் ஆவியாதல் நின்று, காற்றிலுள்ள தண்ணீரை உப்பு தன்னிடம் இழுக்கத் தொடங்கும். கடலோர இரவுகளில் இது சர்வசாதாரணம். உப்பில் கசப்பு நீர் ஒட்டிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடு ஈரமே போதும், நீர்த்துவிடும். ஐப்பசி மழையில் உங்கள் வீட்டு உப்புச் சாடி கசிந்து கிடந்தால் மழையை மட்டும் திட்டாதீர்கள். பாதிக் குற்றம், சரியாக வடிக்காத உப்பில் ஒட்டிவந்த மெக்னீசியத்துடையது.

இதே 75 கூனிமேட்டு மீனவர் குடியிருப்பிலும் வேலை செய்கிறது. மீனைக் கீறி உப்புத் திணித்துக் கருவாடு போடும்போது, உப்பு மீனிலுள்ள தண்ணீரை வெளியே இழுத்துவிடுகிறது. மிஞ்சும் தண்ணீரும் உப்போடு கைகோத்துவிடுகிறது. மீனைக் கெடுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 90 விழுக்காட்டுக்கு மேல் கட்டற்ற நீர் தேவை. உப்பு அதை 75வரை இறக்கிவிடுவதால் அவை பட்டினி கிடப்பதில்லை, தாகத்தில் சாகின்றன.

மழை இந்தத் தொழிலின் பரம எதிரி. சுத்தமான மழைநீருக்கு உப்பின்மேல் அடங்காத பசி. ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர் சேர்கிறது. தேங்கி நின்றால் அது 14 டன் உப்பைக் கரைத்துவிடும். கோடையில் திடீரென்று பெய்தால் ஒரு வாய்ப்பு உண்டு. மழைத்தண்ணீர் லேசு, அடியிலுள்ள கெட்டி நீர் கனம். காற்று கலக்கிவிடாதவரை மழைநீர் மேலே தனிப் படலமாக நிற்கும். விடிவதற்குள் வரப்பை வெட்டி மேல்தண்ணீரை மட்டும் வடித்துவிட்டால் பாத்தி பிழைக்கும். வடகிழக்குப் பருவமழையில் அந்தக் கைவேலையும் எடுபடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரு நாளில் பெய்தது சுமார் 48 சென்டிமீட்டர். ஐப்பசி முதல் மார்கழி வரை உப்பளத்தில் வேலை கிடையாது. தமிழக அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தை மூன்று மாதத்துக்குப் பங்கிட்டுப் பார்த்தால் அது எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

இனி, இதே கரையில் நேரெதிர் திசையில் ஒரு வேலை வரப்போகிறது. நாளொன்றுக்கு 6 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் கூனிமேட்டில் அமைக்கும் திட்டத்தை மாநில அரசு கையிலெடுத்திருக்கிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரிலும் தெற்கே நெம்மேலியிலும் ஏற்கெனவே நடக்கும் தொழில்நுட்பம்தான். நல்ல நீரையும் கடல்நீரையும் மெல்லிய சவ்வு ஒன்று பிரித்தால், நல்ல நீர் தானாகவே உப்புப் பக்கம் பாயும். அந்தப் பாய்ச்சலைத் தடுக்க 27 வளிமண்டல அழுத்தம் கொடுக்க வேண்டும். அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தால் தண்ணீர் திரும்பி நடந்து, உப்பை விட்டுவிட்டு நம் பக்கம் வரும். இதற்கு 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகிறது. வெயிலில் ஆவியாக்கினால் அதே 1,000 லிட்டருக்கு 675 யூனிட். ஏன் இத்தனை வித்தியாசம்? சவ்வின் வழியே தண்ணீர் தண்ணீராகவே நழுவுகிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டுவிட்டு ஆவியாகப் பறக்க வேண்டியதில்லை. ஹைட்ரஜன் பிணைப்போடு மோதாமல் பொறியாளர்கள் பக்கவாட்டில் போய்விட்டார்கள் என்று சொல்லலாம்.

ஆனால் அந்த நிலையத்துக்குள் போகும் கடல்நீரில் 45 விழுக்காடுதான் குடிநீராகும் என்று கொள்வோம். இது இத்தகைய நிலையங்களில் வழக்கமான அளவு. 6 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும்போது 7 கோடியே 30 லட்சம் லிட்டர் உவர்நீர் நாள்தோறும் வெளியே வரும். அதில் உப்புச் செறிவு கடலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. கனமான நீர் என்பதால் கடலில் விட்டால் உடனே கலக்காது. சரியாகத் தெளிக்காவிட்டால் அடித்தளத்தோடு ஊர்ந்து, நண்டும் இறாலும் குஞ்சு பொரிக்கும் இடத்தில் படியும். மீனவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இப்போது மரக்காணத்துப் பாத்திக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். 3,000 ஏக்கர், ஏக்கருக்கு 24 ஆயிரம் லிட்டர்: நாளொன்றுக்கு 7 கோடியே 20 லட்சம் லிட்டர். கெட்டி நீர் மெதுவாகவே ஆவியாகும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். மழைக்காலத்தில் அறவே நடக்காது. சவ்வைக் காக்கச் சேர்க்கும் ரசாயனங்களை உப்பில் ஏறவிடாமல் பார்க்க வேண்டும். அத்தனை நீரையும் உப்பாக்கினால் சந்தையில் விலை படுத்துவிடும். இத்தனை ஆனாலும், சூரியன் பாதியாகச் சுண்டவைத்ததற்குச் சமமான நிலையில் கிடைக்கும் இந்த உவர்நீரில் ஒரு பங்கையாவது பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அளங்களுக்குத் திருப்பலாம். முதல் பாத்தியின் வேலை மிச்சம், அளத்துக்கு விளைச்சல் சீக்கிரம், கடலடிக்கும் பாரம் குறைவு. குழாய் பதிக்கும் முன்பே இந்தக் கணக்கைத் திட்ட அறிக்கையில் போட்டுப் பார்க்க வேண்டும். போடும்போது உப்பளத் தொழிலாளர்களையும் மீனவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.